மழலையர் வகுப்பைச் சமாளிக்க ஆசிரியைகளுக்கு எப்படிப் பயிற்சி தருவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கான மழலையர் பள்ளி நடத்துகிறீர்கள். போன வருடம் வெளியிலிருந்து ஒருவரை அழைத்து, குழந்தைகளின் நடத்தையைக் கையாள்வது பற்றி ஆசிரியைகளுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தீர்கள். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள், பக்கம் பக்கமாகக் குறிப்பும் எடுத்தார்கள். சில வாரங்களில் பழைய அதட்டலும், மூலையில் நிற்கவைப்பதும் திரும்ப வந்துவிட்டன. இந்த முறை இரண்டு நாள் வைக்கலாம் என்றிருக்கிறீர்கள், அதில் என்னென்ன தலைப்புகள் இருக்க வேண்டும் என்கிறீர்கள். தலைப்புகளைச் சொல்வது எளிது. ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன்: பயிற்சி அறையில் புரிந்த விஷயம் ஏன் வகுப்பறைக்குள் வந்து சேரவில்லை? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் மழலையர் வகுப்பில் ஆசிரியையாகத் தொடங்கி, பிறகு பல வருடங்களாக ஆசிரியைகளுக்குப் பயிற்சி தருகிறேன். மருத்துவரோ உளவியல் நிபுணரோ இல்லை. அந்த எல்லை எங்கே வருகிறது என்பதையும் சொல்கிறேன்.

முதலில், உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று. உட்காரவைத்துப் பேசும் பயிற்சி தனியாக ஒரு வகுப்பறையை மாற்றுவதில்லை. ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1980-களிலிருந்தே இதை வலியுறுத்தி வந்தார்கள். விளக்கிச் சொல்ல வேண்டும், செய்துகாட்ட வேண்டும், ஆசிரியரைச் செய்துபார்க்க வைக்க வேண்டும், எப்படிச் செய்தார் என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு அவருடைய சொந்த வகுப்புக்கே ஒருவர் போய்த் துணை நிற்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். பயிற்சிக் கூட்டங்களில் ஒரு அட்டவணை காட்டுவார்கள், நீங்களும் பார்த்திருக்கலாம்: வெறும் விளக்கம் என்றால் 5 சதவீதம், வகுப்பறைத் துணையும் சேர்ந்தால் 95 சதவீதம் என்று. அந்த எண்கள் அவர்கள் இருவரும் போட்ட உத்தேசக் கணக்கு, ஓர் ஆய்வில் அளந்து எடுத்தவை அல்ல. சொல்லும் திசை சரி. எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளந்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. கேரலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய இன்க்ரெடிபிள் இயர்ஸ் என்ற பயிற்சித் திட்டத்தில் ஆசிரியர்களுக்கான பகுதியை ஒரே மூச்சில் முடிக்க மாட்டார்கள். மாதம் ஒரு நாள் என்ற கணக்கில், பெரும்பாலும் ஆறு நாட்களாகப் பரப்பி நடத்துவார்கள். இரண்டு நாட்களுக்கு நடுவே ஆசிரியர் தன் வகுப்பில் செய்துபார்த்துவிட்டு வந்து, எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுவார். ஹெலன் பேக்கர்-ஹென்னிங்காம் குழுவினர் இதை ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 24 மழலையர் பள்ளிகளில் சோதித்தார்கள். ஆசிரியர்கள் வகுப்பில் இருக்கும்போதே உதவியும் கொடுத்தார்கள். குழந்தைகளின் முரட்டு நடத்தை குறைந்ததை 2012-ல் வெளியிட்டார்கள். பிறகு அதே அனுபவத்தை வைத்து, வசதி குறைந்த பள்ளிகளுக்கென்றே ஐரி கிளாஸ்ரூம் டூல்பாக்ஸ் என்ற எளிய வடிவத்தை உண்டாக்கி, 76 பள்ளிகளில் பார்த்தார்கள். ஆசிரியர்கள் குழந்தைகளை அடிப்பதும் கடுஞ்சொல் பேசுவதும் பாதிக்கு மேல் குறைந்தன, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பெருமளவு குறைந்தே இருந்தன. அடித்துப் பழகிய ஆசிரியர்களாலும் மாற முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது. சிகாகோவில் 35 வகுப்பறைகளில் நடந்த இன்னொரு முயற்சியில் வாரம் ஒருமுறை ஒரு மனநல ஆலோசகர் வகுப்பிலேயே ஆசிரியரோடு இருந்தார். அங்கேயும் பலன் தெரிந்தது.

ஆகவே உங்கள் இரண்டு நாட்களை ஒட்டுமொத்தமாகச் செலவழிக்காதீர்கள். நான்கு அரை நாட்களாக உடையுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அதே காசுதான், அதே நேரம்தான். அந்த இடைவெளிக்குள்தான் பயிற்சி வேலை செய்கிறது.

இனி உள்ளடக்கத்துக்கு வருவோம். முதல் அரை நாளை, இந்த வயதில் எது இயல்பு என்பதற்குக் கொடுங்கள். பல ஆசிரியைகள் கேட்க நினைத்தும் கேட்காத கேள்வி இதுதான். கனடாவின் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே குழந்தைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்துக் காட்டியது: மனித வாழ்நாளில் அடிப்பதும் தள்ளுவதும் உச்சத்தில் இருப்பது ஏறத்தாழ இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள். அதன்பின் பெரும்பாலானவர்களிடம் தானாகவே இறங்குகிறது. அதாவது மூன்று வயதுக் குழந்தை பக்கத்தில் இருப்பவனின் பொம்மையைப் பிடுங்குவது வளர்ப்புக் கோளாறு அல்ல, கையை நிறுத்தி வாயால் கேட்கும் திறமை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். இது ஆசிரியையின் மனதில் உட்கார்ந்தால் அவருடைய குரலே மாறும். "வேணும்னே பண்றான்" என்ற எண்ணத்தோடு பேசும் குரலும், "இவனுக்கு இது இன்னும் வரல, நான் சொல்லித் தரணும்" என்று பேசும் குரலும் ஒன்றல்ல. ஐந்து வயது வரை கைகட்டி வாய்பொத்தி உட்காரும் வகுப்புதான் நல்ல வகுப்பு என்று நினைக்கும் இடத்தில் வேறு எந்த உத்தியைச் சொல்லிக் கொடுத்தும் பயனில்லை.

அடுத்தது, என் கணக்கில் மிக முக்கியமானது: சேட்டை தொடங்குவதற்கு முந்தைய பத்து நிமிடம். பயிற்சிக்கு வருபவர்கள் எல்லோரும், குழந்தை அடித்தபின் என்ன செய்வது என்றுதான் கேட்பார்கள். வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால் பதில் பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே இருக்கும். ஒரு காட்சியைச் சொல்கிறேன், எந்தப் பள்ளியிலும் இதைப் பார்க்கலாம். விளையாட்டு முடிந்து சாப்பிடும் நேரம். இருபது குழந்தைகள், கை கழுவ இரண்டு குழாய். "எல்லாரும் லைன்ல நில்லுங்க" என்று ஆசிரியை சொல்லிவிட்டு முன்னால் போய்க் குழாயடியில் நிற்கிறார். வரிசையின் வாலில் நிற்கும் பையனுக்குத் தன் முறை எப்போது வரும் என்று தெரியாது, கையில் எதுவும் இல்லை, பார்க்க எதிரே இருப்பது முன்னால் நிற்பவளின் முதுகு மட்டும். முதலில் விரலால் குத்துகிறான். அவள் திரும்பிச் சிணுங்குகிறாள். அது அவனுக்கு வேடிக்கையாக இருக்கிறது, தள்ளுகிறான். அவள் அடுத்தவள் மேல் விழுகிறாள். "மிஸ், இவன் தள்றான்!" குழாயடியிலிருந்து ஆசிரியை அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிறார். கழுவிய கையோடு நின்ற நான்கு பேர் அதற்குள் ஈரத்தரையில் ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கே அந்தப் பையனைத் திருத்த வேண்டியது அதிகம் இல்லை. வரிசையைத்தான் கலைக்க வேண்டும். விளையாட்டு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பாயில் உட்காரவைத்து ஒரு பாட்டைத் தொடங்கி, நான்கு நான்கு பேராக எழுப்பி அனுப்ப வேண்டும். உதவியாளர் குழாயடியில் நிற்கட்டும், ஆசிரியை பாட்டோடு இருக்கட்டும். கழுவிவிட்டு வருபவர்களுக்கு உடனே ஒரு வேலை காத்திருக்க வேண்டும், தட்டு எடுத்து வைப்பது மாதிரி. இப்படி ஒரு நாளில் எத்தனை இடத்தில் குழந்தைகள் சும்மா காத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு ஆசிரியையும் தன் வகுப்பைக் கவனித்து எழுதி வரட்டும். முதல் அரை நாளுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை அதுதான். கூடவே அறையையும் பார்க்கச் சொல்லுங்கள்: சுவரிலிருந்து சுவர் வரை நீளமாகக் காலி இடம் இருந்தால் குழந்தை ஓடத்தான் செய்யும், ஒரு அலமாரியைக் குறுக்கே நகர்த்தினால் பாதி ஓட்டம் நின்றுவிடும். எல்லோரும் விரும்பும் வண்டி ஒன்றே ஒன்று இருந்தால் சண்டை வரத்தான் செய்யும்.

மூன்றாவது, வார்த்தைகள். இதைப் பேசிப் புரியவைக்க முடியாது, வாயால் சொல்லிப் பழக வேண்டும். ஒரு ஆசிரியை குழந்தையாக நடிக்கட்டும், இன்னொருவர் ஆசிரியையாகவே இருக்கட்டும். "ஓடாதே" என்பதை "மெதுவா நடந்து வா" என்று மாற்றுவது எழுதும்போது எளிது. பழக்கமில்லாத வாயில் அது வராது, பத்துத் தடவை சொன்னால்தான் வரும். பாராட்டும் அப்படித்தான். "குட் பாய்" என்றால் குழந்தைக்கு எது நல்லது என்று தெரியாது. "பென்சிலைக் கேட்டு வாங்கினியே, பிடுங்கலையே" என்றால் தெரியும். 1968-ல் மேட்சன், பெக்கர், தாமஸ் என்ற மூவர் ஒரு மழலையர் வகுப்பிலும் ஒரு இரண்டாம் வகுப்பிலும் பார்த்த விஷயம் இன்றைக்கும் பொருந்துகிறது: வகுப்பு விதிகளைச் சொல்வதால் மட்டும் ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை, நல்ல நடத்தையைக் கவனித்துப் பாராட்டி, சின்னச் சேட்டையைக் கண்டுகொள்ளாமல் விட்டபோதுதான் மாறியது. இரண்டே ஆசிரியைகளின் வகுப்பு, அதனால் அதை மட்டும் வைத்துப் பேச முடியாது. ஆனால் பிற்காலத்து ஆய்வுகள் பலவும் அதே பக்கம்தான் சாய்கின்றன. சுவரில் ஒட்டிய விதிப் பலகையை நம்பும் பள்ளிகளுக்கு இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அதே நேரம், பாராட்டைப் பற்றி மேடைகளில் சொல்லப்படும் சில விஷயங்களில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு கண்டிப்புக்கு ஐந்து பாராட்டு என்ற விகிதத்தைச் சட்டம் மாதிரிச் சொல்வார்கள். பாராட்டு கூடினால் நல்லது என்பதற்குச் சான்று இருக்கிறது, ஐந்துக்கு ஒன்று என்ற அந்தக் குறிப்பிட்ட எண்ணுக்கு உறுதியான சான்று இல்லை. எண்ணிக் கொண்டிருந்தால் பாராட்டு பொய்யாகிவிடும், குழந்தைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஸ்டிக்கர், நட்சத்திரம் இவற்றையும் கவனமாகக் கையாளுங்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-ல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு பரிசு இல்லாதபோது அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வரைந்தார்கள். ஆகவே தானாக விரும்பிச் செய்யும் வேலைக்கு ஸ்டிக்கர் வேண்டாம். விருப்பமே இல்லாத ஒரு பழக்கத்தைத் தொடங்கிவைக்கக் கொஞ்ச நாள் பயன்படுத்தலாம், அப்புறம் எடுத்துவிட வேண்டும்.

கண்டுகொள்ளாமல் விடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, பயிற்சியில் இதைச் சொல்லாமல் விட்டால் ஆசிரியை மூன்றாம் நாளே கைவிட்டுவிடுவார். இதுவரை கத்தினால் கவனம் கிடைத்த குழந்தைக்குத் திடீரென்று கிடைக்காமல் போனால், முதலில் இன்னும் உரக்கக் கத்தும். குறைவதற்கு முன் கூடும். அந்த நேரத்தில் மனம் இளகித் திரும்பிப் பார்த்தால், உரக்கக் கத்தினால்தான் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும். கடிப்பது, அடிப்பது, ஆபத்தான இடத்தில் ஏறுவது இவற்றில் இந்த முறையே கூடாது. உடனே நடுவில் போய், குறைந்த வார்த்தையில் நிறுத்தி, முதலில் அடிபட்ட குழந்தையைக் கவனிக்க வேண்டும்.

ஒரே குழந்தை தினமும் பிரச்சினை செய்கிறது என்றால் ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். நடப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, அதற்குப் பின் என்ன கிடைத்தது அல்லது எதிலிருந்து தப்பித்தது: மூன்று கட்டம் போதும். ஒரு வாரம் எழுதினால் பெரும்பாலும் ஒரு கோலம் தெரியும். பாயில் உட்காரும் நேரத்தில் மட்டும் கத்தி, வெளியே அனுப்பப்பட்டு, வெளியே போனதும் அமைதியாகும் குழந்தைக்கு அந்தத் தண்டனைதான் பரிசு. அவனுக்குத் தேவை, உட்காரும் நேரத்தைக் குறைப்பதும், "எனக்குப் போதும்" என்று சொல்ல ஒரு வழி கற்றுத் தருவதும்.

அடிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பயிற்சியில் இது வரும். "அடியாத மாடு படியாது" என்று யாராவது சொல்வார்கள், தாங்களே அப்படி வளர்ந்தவர்களாகவும் இருப்பார்கள். அவர்களைக் குற்றவாளி ஆக்காமல் தெளிவாகச் சொல்லுங்கள். எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கெய்லர் இருவரும் 1,60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியிட்டார்கள். அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் மனச்சிக்கலும் அதிகமாகவே இருந்தன, கீழ்ப்படிதல் கூடவில்லை. அது பெற்றோர் அடிப்பதைப் பற்றியது, எது காரணம் எது விளைவு என்பதில் விவாதமும் உண்டு. ஆனால் அடியால் நன்மை உண்டு என்று காட்டும் சான்று அதில் கிடைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை பயிற்சியில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லாத ஒரே விஷயம் இதுதான். மூலையில் நிற்கவைப்பதும் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவதாக இருந்தால் எனக்கு உடன்பாடில்லை. கொதிப்பு அடங்கும்வரை ஆசிரியையின் கண்பார்வையிலேயே ஓர் அமைதியான இடத்தில் சில நிமிடம் இருக்கவிடுவது வேறு. அது வேண்டுமா வேண்டாமா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.

இனி, வகுப்புக்குள் துணை நிற்பது யார்? வெளியாள் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, உங்கள் ஆசிரியைகளையே இரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். ஒருவர் வகுப்பில் இன்னொருவர் இருபது நிமிடம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஒரே ஒரு திறமையை மட்டும். அன்றைக்கே பத்து நிமிடம் பேச வேண்டும், நன்றாக நடந்ததில் தொடங்கி. சம்பள உயர்வுக்கு மதிப்பெண் போடுபவர் இந்த வேலையைச் செய்யக்கூடாது. அதனால் நிர்வாகியான நீங்கள் இதில் விலகி இருப்பது நல்லது. உங்கள் பங்கு, அந்த இருபது நிமிடம் பார்க்க வருபவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்வது. அதைச் செய்யாத பள்ளிகளில் இந்தத் திட்டம் முதல் மாதத்தோடு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

பார்ப்பவருக்கு ஒரு எளிய வேலை கொடுக்கலாம்: அந்த இருபது நிமிடத்தில் எந்தக் குழந்தையின் பெயர் கண்டிக்கும் குரலில் எத்தனை முறை ஒலித்தது என்று கோடு போடுவது. பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்கள்தான் நிறைந்திருக்கும், அதே தவறைச் செய்த வேறு குழந்தையின் பெயர் வந்தே இருக்காது. 2016-ல் யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்லியம் குழுவினர், மழலையர் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வீடியோவைக் காட்டி, சேட்டை வரப்போகிறதா என்று கவனிக்கச் சொன்னார்கள். வீடியோவில் சேட்டையே இல்லை. கண் எங்கே போகிறது என்று கருவியால் பார்த்தபோது, கறுப்பினச் சிறுவன் மேல்தான் அதிக நேரம் நின்றது. நம் வகுப்புகளிலும் கண் யார் மேல் போய் நிற்கிறது என்று அந்தக் கோடுகள் காட்டும். குற்றம் சாட்டாமல் தாளை ஆசிரியையிடமே கொடுத்துவிடுங்கள், அவரே பார்த்துக்கொள்வார்.

நான் சொல்லாமல் இருக்கக்கூடாத எல்லைகள் இரண்டு. ஒன்று, குழந்தை கூப்பிட்டால் திரும்புவதில்லை, மூன்று வயது தாண்டியும் சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை, பேசிக் கொண்டிருந்தது பேச்சை இழந்துவிட்டது, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது, அல்லது நடத்தை திடீரென்று தலைகீழாக மாறியிருக்கிறது என்றால், அது ஆசிரியைப் பயிற்சியால் தீரும் விஷயம் இல்லை. பெற்றோரிடம் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள். காது சரியாகக் கேட்காத குழந்தை "சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான்" என்ற பெயரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். திடீர் மாற்றத்துக்குப் பின்னால் யாராவது குழந்தையைத் துன்புறுத்துவதும் இருக்கலாம், அப்படிச் சந்தேகம் வந்தால் பெற்றோரிடம் பேசுவதற்கு முன்பே குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களைக் கேளுங்கள்.

இரண்டாவது, ஆள் கணக்கு. ஒரே ஆசிரியையிடம் மூன்று வயதுக் குழந்தைகள் முப்பது பேர் இருந்தால், மேலே சொன்ன எதையும் அவரால் நாள் முழுக்கச் செய்ய முடியாது, அதட்டல் திரும்பி வரும். உங்கள் பள்ளியில் நிலைமை அப்படியென்றால் பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு உதவியாளரை, குறைந்தது கை கழுவும், சாப்பிடும், தூங்கும் நேரத்துக்காவது, முதலில் நியமியுங்கள். பயிற்சியை அவரோடு சேர்த்து அடுத்த பருவத்தில் தொடங்கலாம்.